பதினோராவது தங்கல்

இஸ்மிர்,
12 ஜனவரி 1997

அன்புள்ள துராலி அண்ணனுக்கு நிஹாத் எழுதுவது.

வலது காது ஏற்கெனவே போயிருந்தது. இந்தக் குளிர்காலத்தோடு இடது காதும் போய்விட்டது. நீங்கள் போன் செய்தால் மணி அடிப்பதுகூட எனக்குத் தெரியாது. ஆகவே கடிதம். நம்பிக்கையான ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்பது வருஷமாக நான் எழுதிவரும் புத்தகம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அத்தியாயம். நம் கடற்கரையில் கிரேக்கர் பெயர், ரோமர் பெயர் என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கும் ஊர்ப் பெயர்கள் உண்மையில் நம்முடையவை, அவர்கள் வருவதற்கு முன்பே நம் மூதாதையர் இங்கே கூடாரம் அடித்து வைத்த பெயர்கள் என்பதுதான் அதில் நான் சொல்வது. போன மாதம் ஒரு கூட்டத்தில் இதைப் பேசினேன். முன் வரிசையில் பேராசிரியர்கள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, "எல்லாம் அகராதியில் இருந்து எடுத்தீங்க சரி, இதில் ஒரு பேரையாவது மனுசன் வாயிலிருந்து கேட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காது கேட்காததால் அதைத் தாளில் எழுதிக் காட்டினார்.

கேட்டிருக்கிறேன். உங்கள் வாயிலிருந்து.

1958-ல் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்த முதல் குளிர்காலம். உங்கள் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். உங்கள் கூட்டத்தார் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து மலை மேய்ச்சலுக்கு ஏறும் வழியில் இருபத்துமூன்று தங்கல்களை நீங்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்தீர்கள். பதினோராவது தங்கல், ஒர்தாலா.

கடற்கரையில் இடிந்து கிடக்கும் பழைய பட்டணத்துக் கல்வெட்டிலும் அதே பெயர்தான் இருக்கிறது. அந்தக் கல்லைத் தோண்டி எடுத்ததே 1964-ல். அந்த இடிபாட்டை ஒட்டி இருந்த கிரேக்க ஊரை நம்மவர்கள் 'கல்துறை' என்று சொன்னார்களே ஒழிய ஒர்தாலா என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படியிருக்க, கடலிலிருந்து பதினோரு நாள் நடை தள்ளி மலைக்குள் ஆடு மேய்க்கும், எழுத்தறியாத ஒருவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? ஒரே வழிதான். ஒர்து என்றால் கூடாரம் அடிக்கும் இடம். இது உங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து கொண்டுவந்த பெயர். மலையிலும் வைத்தார்கள், கடற்கரையிலும் வைத்தார்கள். கிரேக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

என் புத்தகம் இந்த ஒரு தூணில்தான் நிற்கிறது. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'இந்தத் தங்கலின் பெயர் ஒர்தாலா என்பதை நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு எங்கள் முன்னோர் வழியாக அறிவேன்' என்று அதில் இருக்கிறது. கீழே உங்கள் கைநாட்டு வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் வந்தால் அச்சகத்தில் சேர்த்துவிடுவார்கள்.

உங்கள்
நிஹாத்


மிலாஸ்,
3 பிப்ரவரி 1997

நிஹாத் வாத்தியாருக்கு துராலி சொல்லி எழுதுவது.

நீதிமன்றத்து வாசலில் தட்டச்சு யந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிற ரெம்சிதான் எழுதுகிறார். 'மேன்மை தங்கிய சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று ஆரம்பித்தார். நான் நிலத்தகராறுக்கு வரவில்லை, அடித்துவிடு என்றேன். உங்கள் கடிதத்தையும் அவர்தான் படித்தார். அவருக்குச் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம். வாய்தாவுக்கு வந்திருந்த மூன்று பேர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அதில் ஒருவன், 'அப்போ ரோமாபுரியும் நம்மதா?' என்று என்னைக் கேட்டான்.

அன்றைக்கு நாம் குடித்தது பருப்புக் கஞ்சி இல்லை. புளித்த தயிர்மாவுக் கஞ்சி, தர்ஹானா. நீங்கள் ஒரு காலில் கறுப்புக் காலுறையும் இன்னொரு காலில் பழுப்பும் போட்டிருந்தீர்கள். கறுப்பில் கட்டை விரல் தெரிந்தது. கஞ்சியை மறந்த மனுஷன் மற்றதைச் சரியாக எழுதியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே?

ஆலிவ் பறித்து முடிந்துவிட்டது. ஆடுகள் குட்டி போடுகின்றன. நீங்கள் இங்கே இருந்த இரண்டு வருஷத்தில் ஒரு ஆட்டையாவது பால் கறந்திருந்தால் அதைப் பற்றி விரிவாகச் சொல்லலாம்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். கைநாட்டு வைக்கவில்லை. பதினோராவது தங்கலை விட்டுவிடுங்கள் வாத்தியாரே. இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. ஆட்டுக்கல், இரட்டை ஊற்று, செம்பாறை, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விரலையும் வைத்துத் தருகிறேன். அந்த ஒன்று வேண்டாம்.

ஏன் என்று கேட்காதீர்கள். ரெம்சி தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்.

துராலி


இஸ்மிர்,
20 பிப்ரவரி 1997

துராலி அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஆட்டுக்கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

யாரோ உங்களிடம் பேசியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் ஆள் அனுப்பினார்களா? இல்லை உங்கள் மகன் ஹம்ஸா, கையெழுத்துப் போட்டால் வம்பு வரும் என்று பயமுறுத்தினானா? அப்படியானால் நேராகச் சொல்லுங்கள். 'ஏன் என்று கேட்காதீர்கள்' என்று இஸ்மிருக்கு எழுதி அனுப்புவது நாற்பது வருஷப் பழக்கத்துக்கு அழகில்லை. நான் முதியோர் வகுப்பு நடத்தியபோது முதல் எழுத்தைப் பார்த்ததும், இது கொம்பு உடைந்த கடா மாதிரி இருக்கு என்று சொல்லி எழுந்து போனவர் நீங்கள். அன்றைக்கும் காரணம் சொல்லவில்லை. எழுதத் தெரியாதவர் சொன்னது என்பதால்தான் உங்கள் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு. நீங்கள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

நீங்கள் அன்று பொய் சொன்னீர்களா, இல்லை இன்றா? இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்.

உங்கள் தாயார் செலிஹா அம்மா இருந்திருந்தால் அவரே உங்கள் விரலைப் பிடித்து வைத்திருப்பார். என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: 'துராலி பதினோராவது பெயரைச் சொன்னதும், ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவன் தாய் கையை நிறுத்திவிட்டாள். இந்தப் பெயரின் புனிதம் படிக்காத கிழவிக்கும் தெரிந்திருக்கிறது.' இதைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின் பெயரால் கேட்கிறேன்.

நிஹாத்


காராகில்,
15 மார்ச் 1997

நிஹாத் வாத்தியாருக்கு,

இதை எழுதுவது என் மருமகள் நஸ்மியே. எட்டாவது வரை படித்தவள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வா என்றேன். உயில் எழுதப்போகிறேன் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

உங்கள் கடிதத்தையும் அவள்தான் படித்தாள். ரொட்டி சுட்ட இடம் வந்ததும் போதும் என்றேன். பதினைந்து நாள் யோசித்தேன். எழுதத் தெரிந்தவனுக்கு ரகசியம் என்பது தாளுக்கும் அவனுக்கும் இடையில் இருக்கும். எனக்கு அது இன்னொருவர் காதில் விழாமல் தாளுக்குப் போகாது. மனு எழுதுகிறவரிடம் சொன்னால் மிலாஸ் முழுக்கத் தெரியும். நஸ்மியேயிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்கு முதலில் தெரியட்டும்.

என் தாய் எங்கள் இனத்தில் பிறந்தவள் இல்லை. கிரேக்கர் வீட்டுப் பெண்.

நஸ்மியே எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு, "மேல சொல்லுங்க மாமா" என்றாள்.

1922 இலையுதிர் காலம். போரில் கிரேக்கப் படை தோற்றதும், கடற்கரையில் இருந்த கிரேக்கக் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து படகேறிப் போயின. கல்துறையில் என் தாத்தாவிடம் வருஷா வருஷம் பாலாடைக்கட்டி வாங்குகிற ஒரு வீடு இருந்தது. அவர்களுடைய பதினோரு வயதுப் பெண்ணுக்கு விஷக்காய்ச்சல். காய்ச்சல்காரியைப் படகில் ஏற்றமாட்டோம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், இவள் ஒருத்தி கரையில். அவள் தகப்பன் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தான். ஒரு மாதத்தில் திரும்பி வருகிறேன் என்றான். என் தாத்தா ஒரு மாதத்துக்கு என்று ஒத்துக்கொண்டார். எத்தனை மாதத்துக்கு ஒத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

எங்கள் பாட்டி அவளுக்கு செலிஹா என்று பெயர் வைத்தாள். கூடாரத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் வளர்ந்தாள். பதினாறு வயதில் என் தகப்பனுக்கே கட்டிவைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். என் தகப்பன் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

மலையேறும்போது ஒட்டக வரிசைக்கு முன்னால் புது மருமகள் நடப்பாள், உங்களுக்குத் தெரியும். இருக்கிற நல்ல துணியெல்லாம் உடுத்திக்கொண்டு முதல் ஒட்டகத்தின் தலைக்கயிற்றை அவள்தான் பிடிப்பாள். எங்கள் கூட்டத்தில் இன்னொன்றும் உண்டு. அதை நான் உங்களிடம் அன்று சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இதுவரை தங்காத இடத்தில் இறங்கினால், தலைக்கயிறு பிடித்தவள் அந்த இடத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் சுமை இறக்கக் கூடாது. பெயர் இல்லாத இடத்தில் தூங்கினால் ஆடு திரும்பி வராது என்பார்கள்.

1927 வசந்தம். பழைய பதினோராவது தங்கலில் ஊற்று வற்றிப்போயிருந்தது. இன்னும் அரை நாள் நடந்து ஒரு பள்ளத்தில் நின்றார்கள். தண்ணீர் இருந்தது. எல்லோரும் களைத்திருந்தார்கள். சுமையோடு பதினான்கு ஒட்டகம் நிற்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. என் பாட்டி பின்னாலிருந்து சொன்னாளாம், "சொல்லு மகளே, ஒட்டகம் நிக்குது பாரு."

"ஒர்தாலா" என்றாள்.

என் தாத்தாவுக்கு உடனே புரிந்தது. அவர் அந்த ஊரில் பாலாடைக்கட்டி விற்றவர். அவர்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். மாற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இறக்குங்க" என்றார்.

அவ்வளவுதான் வாத்தியாரே. உங்கள் மூதாதையர் கிழக்கிலிருந்து கொண்டுவந்த பெயர் இதுதான். ஒரு பதினாறு வயதுப் பெண் கடற்கரையிலிருந்து பதினோரு நாள் நடந்து கொண்டுவந்தாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது 1951-ல், நான் பட்டாளத்திலிருந்து திரும்பிய வருஷம். அந்தத் தங்கலில் எல்லோரும் காற்றுக்கு முதுகு காட்டிக் கூடாரம் அடிப்பார்கள். அவள் மட்டும் வருஷா வருஷம் வாசலை மேற்கே பார்க்க வைப்பாள். கூடாரத்துக்குள் காற்று வந்து அடுப்பை அணைக்கும். இங்கிருந்து கடல் தெரியாதே அம்மா, எதற்கு மேற்கே வைக்கிறாய் என்று கோபமாகக் கேட்டேன். "தெரியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு முழுவதையும் சொன்னாள். கம்பளியை உதறிக்கொண்டே சொன்னாள், அழவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு அவள் கையை நிறுத்தியது புனிதத்தால் இல்லை. வீட்டுக்குள் அரசாங்கத்து வாத்தியார் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருக்கிறார், மகன் ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருக்கிறான். பயந்துபோய் நிறுத்தினாள். எனக்கும் பத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. அந்த வரிசை என் வாயில் கயிறு மாதிரிதான் வரும், நடுவில் ஒரு முடிச்சை விட்டுத் தாண்ட முடியாது. ரொட்டி கருகிவிட்டது. கருகியதை நீங்கள்தான் தின்றீர்கள், நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

நான் அன்றும் பொய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

துராலி


இஸ்மிர்,
2 ஏப்ரல் 1997

துராலி அண்ணனுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் உங்கள் மேல் கோபம். இரண்டாம் நாள், இதைப் படிக்காதது போல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கைநாட்டு இல்லாமலே அச்சிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த நோட்டை எடுத்து, ரொட்டி பற்றி எழுதிய வரியை மறுபடி படித்தேன். எதிரே ஒரு பெண் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துப் புனிதம் என்று எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் எழுதியது. ஆனால் அறுபத்தொன்றிலும் அதையே முதல் பக்கத்தில் போட்டேனே.

மற்றப் பதினோரு அத்தியாயத்தையும் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும், இதை முதலில் சொன்னது யார், யார் நின்று கேட்டது என்று விளிம்பில் பென்சிலால் எழுதப் பார்த்தேன். எங்கேயும் எழுத முடியவில்லை. அகராதிகள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன. அந்தப் புத்தகம் முழுவதிலும் மனிதர் என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். நான் எழுதிய முறையில் நீங்களும் இல்லாமல் போனீர்கள்.

அச்சகத்துக்குப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டேன். என் மகள் பாவம், நாற்பது வருஷ உழைப்பாயிற்றே அப்பா என்று தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள். எனக்குக் காதுதான் கேட்கவில்லை, கண் தெரியும் என்றேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இடப்பெயர் ஆய்வுக்கென்று ஒரு சிறு பத்திரிகை இருக்கிறது. அதில் ஒரு பக்கம் எழுத ஆசை: ஒரு தங்கல், அதன் பெயர், வைத்தவர் யார், எப்போது, எப்படி. நீங்கள் சொன்னபடி, அதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல். இதற்கும் உங்கள் கைநாட்டு வேண்டும், இது உங்கள் வீட்டு விஷயம். ஹம்ஸா இருக்கிறான், பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். இல்லை, அந்த வரிகூட வேண்டாம். பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

நிஹாத்


காராகில்,
24 ஏப்ரல் 1997

நிஹாத் வாத்தியாருக்கு,

நஸ்மியேதான் எழுதுகிறாள். இன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து என் தாய் யார் என்று சொன்னேன், பிறகு உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். ஹம்ஸா நடுவில் எழுந்து வெளியே போய் டிராக்டரைத் துடைத்துவிட்டு வந்தான். "எழுபத்தஞ்சு வருஷம் மூடி வச்சதை இப்ப எதுக்கு ஊர் சிரிக்கத் திறக்கணும்? காப்பிக் கடையில என்னை என்னன்னு கூப்பிடுவானுங்க?" என்றான். கிரேக்கச்சி பேரன் என்று கூப்பிடுவார்கள், வேறென்ன. அது உண்மைதானே என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு என் தாயிடமிருந்து வந்திருக்கிறது.

பேத்தி ஐசுனின் மாப்பிள்ளை ஜெண்டர்மா என்கிற நாட்டுப்புறக் காவல் படையில் இருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்று நஸ்மியே தானே போய் மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மா தேநீர் கொடுத்தாள், கல்யாணத்துக்கு முந்தின மருதாணி நாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றாள். பத்து நாளாகிறது. ஐசுன் காத்திருக்கிறாள். அவன் தானே வந்து வேண்டாம் என்று சொல்லட்டும், அதுவரை நான் யாரையும் கெஞ்சமாட்டேன் என்கிறாள். கைநாட்டு வைக்கவா வேண்டாமா என்று அவளிடம்தான் கேட்டேன். இழப்பது அவள்தானே.

அவள் ஒன்றுதான் திருப்பிக் கேட்டாள். "அவங்க நிஜப் பேரு என்ன தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை வாத்தியாரே. இருபத்துமூன்று தங்கல், ஒவ்வொன்றிலும் எந்த வருஷம் எந்த ஆடு செத்தது என்று தெரியும். அது தெரியாது. 1951-ல் நான் கேட்டேன். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள், தம்பி தங்கைகள் பெயரைக்கூட ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன் பெயரைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டதற்கு, "அது அவங்களோட படகுல போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஹம்ஸா தானாக வந்து, வாங்க போகலாம் என்றான். எங்கே என்று சொல்லவில்லை. டிராக்டரில் என்னையும் ஐசுனையும் ஏற்றிக் கல்துறைக்குக் கூட்டிப்போனான். நாற்பது கிலோமீட்டர். அறுபத்தொன்பது வருஷத்தில் நான் அந்த ஊருக்குள் கால் வைத்ததே இல்லை. கூரை இல்லாத வீடுகள், உள்ளே அத்திமரம். எது அவள் வீடு என்று தெரியாது. ஹம்ஸா ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தான். ஒரு வீட்டில் ரொட்டி அடுப்பு நன்றாக இருந்தது, அதற்குள் கையை விட்டுப் பார்த்தான். திரும்பி வரும்போது, "எழுதச் சொல்லுங்க. ஆனா சரியா எழுதச் சொல்லுங்க" என்றான்.

ஆகவே நஸ்மியே ஒரு தாளில் எழுதினாள், ஹம்ஸா படித்துப் பார்த்தான். தங்கல்: பதினோராவது. பெயர்: ஒர்தாலா. வைத்த வருஷம்: 1927. வைத்தவள்: செலிஹா. பிறந்த ஊர்: கீழே கடற்கரையில் அதே ஒர்தாலா. பிறந்தபோது வைத்த பெயர் என்று எழுதி, நஸ்மியே ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தாள்.

கைநாட்டுக்கென்று தாளின் கீழே நிறைய இடம் இருந்தது. நான் அங்கே வைக்கவில்லை. அந்த விரல் அகல இடத்தின் மேலேயே கட்டை விரலை அழுத்திவிட்டேன். அச்சில் போடும்போது அப்படியே போடுங்கள். நீங்களோ உங்களுக்குப் பின்னால் வருகிறவரோ அகராதியிலிருந்து ஒரு பெயரைத் தேடி எடுத்து அங்கே எழுத இடம் இருக்கக் கூடாது.

துராலி